பின்ன மடங்கில் பிட்மேப் படம்: 2 கொடுத்தால் சரி, 1.5 கொடுத்தால் குளறுபடி

கேள்வி: பர்கூரிலிருந்து ஒரு மாணவி
ஜூன் 3, மாலை 6.12

அண்ணா, காலேஜில் சி மொழியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். 24 பிட் பிஎம்பி படத்தை, சொல்கிற மடங்குக்குப் பெரிதாகவோ சிறிதாகவோ ஆக்க வேண்டும். 2, 3 கொடுத்தால் அருமையாக வருகிறது. 1.5 கொடுத்தால் பழைய அளவிலேயே வருகிறது. 0.5 கொடுத்தால் வெறும் 54 பைட்டில் ஒரு ஃபைல் உருவாகிறது, திறக்கவே மாட்டேன் என்கிறது. பின்னத்துக்கு மட்டும் தனியாக ஒரு நிரல் எழுத வேண்டுமா? கூடப் படிக்கிறவர்கள், மடங்கை 10ஆல் பெருக்கிப் பெரிதாக்கிவிட்டு அப்புறம் 10ஆல் சுருக்கு என்கிறார்கள்.

ஜூன் 3, இரவு 9.40

தனி நிரல் வேண்டாம் தங்கச்சி. நீ சொன்ன இரண்டு கோளாறும் ஒன்றுதான். தட்டிய மடங்கை முழு எண்ணாக்கும் ஏடோஐ (atoi) வைத்துத்தானே படிக்கிறாய்? அது புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். 1.5 என்பது 1 ஆகிவிட்டது, அதனால் படம் அப்படியே வந்தது. 0.5 என்பது 0 ஆகிவிட்டது, அதனால் பிக்சலே எழுதாமல், ஃபைலின் தலையில் வரும் தகவல் பகுதியான ஹெடரை மட்டும் எழுதினாய். ஃபைல் ஹெடர் 14, தகவல் ஹெடர் 40, ஆக 54. ஃபைலின் அளவே காரணத்தைச் சொல்லிவிட்டது.

பின்னத்தையும் படிக்கும் எஸ்டிஆர்-டு-டி (strtod) வைத்துப் படி. எந்த எழுத்தில் படிப்பதை நிறுத்தியது என்றும் அது சொல்லும். யாராவது "1.5அ" என்று தட்டினால் அங்கேயே பிடித்துவிடலாம். ஏடோஎஃப்பும் (atof) பின்னத்தைப் படிக்கும், ஆனால் எண்ணே இல்லாத உள்ளீட்டுக்கு வாய் திறக்காமல் 0 கொடுத்துவிடும்.

இதை மாற்றியதும் வேறு ஒரு கோளாறு வெளியே வரும், பயப்படாதே. ஒவ்வொரு பிக்சலையும் "மடங்கு தடவை" எழுதும் லூப் உன்னிடம் இருக்கும். எண்ணி 0இல் தொடங்கி 1.5க்குக் கீழே இருக்கும்வரை ஓடு என்றால் 0க்கு ஒரு தடவை, 1க்கு ஒரு தடவை, மொத்தம் இரண்டு தடவை ஓடும். ஹெடரில் ஒன்றரை மடங்கு, உள்ளே இரண்டு மடங்கு பிக்சல். படம் கந்தலாகத்தான் வரும்.

ஜூன் 3, இரவு 10.05

பத்தால் பெருக்கும் யோசனை பற்றிச் சொல்ல மறந்தேன். செல்போன் படம் ஒன்று 4000க்கு 3000 என்று வை. 15 மடங்கு பெரிதாக்கினால் 60000க்கு 45000. பிக்சலுக்கு 3 பைட் வீதம் 810 கோடி பைட். ஃபைல் ஹெடரில் அளவு எழுதும் இடம் 32 பிட்தான், அதில் சுமார் 429 கோடிக்கு மேல் எழுத முடியாது. ஒன்றரை மடங்குக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. 1.37 என்று யாராவது கேட்டால் 137 மடங்கு பெரிதாக்குவார்களா?

ஜூன் 4, காலை 7.15

சொன்னபடியே ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நல்லது. ஊகித்த கோளாறு ஊகித்த இடத்திலேயே வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போது திசையை மாற்று. பழைய பிக்சலைக் கையில் வைத்துக்கொண்டு "இதை எத்தனை தடவை எழுதுவது" என்று கேட்கும்வரை பின்னத்துக்கு விடை கிடைக்காது. ஒரு பிக்சலை ஒன்றரை தடவை எழுத முடியாது. புதிய படத்திலிருந்து தொடங்கு. புதிய அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று முதலில் முடிவு செய். அப்புறம் புதிய படத்தின் ஒவ்வொரு கட்டமும் "நான் பழைய படத்தில் எந்தக் கட்டத்திலிருந்து வருகிறேன்" என்று கேட்கட்டும். புதிய கட்ட எண்ணை மடங்கால் வகுத்து, பின்னத்தை வெட்டினால் பழைய கட்ட எண். பெரிதாக்கும்போது ஒரே பழைய கட்டம் இரண்டு பேருக்குப் போகும், சிறிதாக்கும்போது சில கட்டங்களை யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே லூப். எந்தப் புதிய கட்டமும் காலியாக நிற்காது, எதுவும் இரண்டு தடவை எழுதப்படாது.

மண்டிகளுக்கும் எடை மேடைகளுக்கும் பில் போடும் மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. படம் பெரிதாக்குவதில் என்னிடம் உதவி கேட்டு வந்தவர்கள் பலரும் இந்த ஒரு இடத்தில்தான் மாட்டியிருந்தார்கள். திசை மாறியதும் பாதிக் குழப்பம் தானே கலைந்துவிடும்.

ஜூன் 4, பகல் 1.30

ஃபைலில் இடம் மாறும் எஃப்-சீக் (fseek) போட்டுப் பின்னால் போய் அதே வரியைத் திரும்பப் படிக்கிறேன் என்கிறாய். முழு எண் மடங்குக்கு அது ஒத்துவரும். பின்னத்தில் எந்த வரியைத் திரும்பப் படிப்பது, எதைத் தாண்டுவது என்ற கணக்கே தனிக் கோளாறாகிவிடும். படம் முழுவதையும் மெமரிக்கு எடுத்துக்கொள். 4000க்கு 3000 படம் 36 எம்பிதான். ஆனால் கேட்ட அளவு மெமரி தரும் மாலாக் (malloc) போட்டு எடு. ஃபங்ஷனுக்குள் சாதாரண அர்ரேயாக அறிவித்தால் அது ஸ்டேக் என்ற சின்ன மெமரிப் பகுதியில் போய் உட்காரும். லினக்ஸில் ஸ்டேக் வழக்கமாக 8 எம்பி. நிரல் ஒரு வரிகூட அச்சிடாமல் செத்துப்போகும், நீ வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பாய்.

ஜூன் 5, இரவு 8.50

இப்போது "படம் சாய்ந்து நிற்கிறது" என்று இரண்டு ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறாய். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் படத்தை வைத்துக் கோளாறு தேடுகிறாய் பார், அதை முதலில் நிறுத்து. நிஜப் படத்தில் லட்சக்கணக்கான பைட். எது எங்கிருந்து வந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது.

3க்கு 3 படம் ஒன்று செய். கையாலேயே செய், இன்னொரு சின்ன நிரல் எழுதி 54 பைட் ஹெடரும் பிக்சல்களும் எழுதவை. பிக்சல் மதிப்புகளாக 1 முதல் 27 வரை வரிசையாகக் கொடு. 9 பிக்சல், பிக்சலுக்கு 3 பைட், சரியாக 27. கண்ணுக்கு எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். நாம் பார்க்கப்போவது எண்களை.

ஒவ்வொரு வரியும் 4இன் மடங்கில் முடிய வேண்டும் என்பது பிஎம்பியின் விதி. 3 பிக்சல் என்றால் 9 பைட், அதோடு வரியை நிரப்ப 3 சுழியம், அதுதான் பேடிங், ஆக 12. மூன்று வரிக்கு 36. ஹெடர் 54 சேர்த்து ஃபைல் 90 பைட். இது உன் உள்ளீடு.

1.5 மடங்குக்குப் புதிய அகலம் 4.5. பின்னத்தை வெட்டினால் 4. நாலு பிக்சலுக்கு 12 பைட், பேடிங் தேவையே இல்லை. நாலு வரிக்கு 48. ஃபைல் 102 பைட். ஹெடரில் அகலம் 4, உயரம் 4, பட அளவு 48, ஃபைல் அளவு 102. நாலு இடத்திலும் இந்த எண் வர வேண்டும், ஒன்று பிசகினாலும் சில மென்பொருள் திறக்கும், சில திறக்காது.

அப்புறம் லேப் லினக்ஸில், ஃபைலின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஓடி (od) கட்டளை இருக்கிறது. முதல் 54 பைட்டைத் தாண்டி, வரிக்கு 12 பைட் வீதம், சாதாரணப் பத்தடிமான எண்ணாகக் காட்டச் சொல். பதினாறடிமானம் வேண்டாம், எண்ணிப் பார்க்க இதுதான் வசதி. வந்ததை அப்படியே இங்கே போடு.

ஜூன் 6, காலை 6.45

போட்டிருக்கிறாய். உன் படத்தின் முதல் வரிக்காக நீ எழுதியது, ஓடி காட்டிய முதல் 12 பைட்டும் அதற்கடுத்த 3 பைட்டும்:

1 2 3 1 2 3 4 5 6 7 8 9 0 0 0

இந்தக் கடைசி மூன்று சுழியம்தான் உன் அணையைச் சாய்த்தது. புதிய வரியில் பேடிங்கே கூடாது. நீ பழைய அகலத்துக்குக் கணக்கிட்ட பேடிங்கையே புதிய வரிக்கும் எழுதுகிறாய். பேடிங் இரண்டு தேவை. படிக்க ஒன்று, எழுத ஒன்று. வேறு வேறு பெயரில் வை, பழையபேடிங், புதியபேடிங் என்று. ஒரே பெயரில் இரண்டு வேலை பார்த்தால் என்றைக்காவது இடறும்.

சாய்ந்த படத்தைப் பார்த்தே நோயைச் சொல்லலாம், இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பிஎம்பியில் வரிகள் கீழிருந்து மேலாக அடுக்கப்படும். வரிக்கு மூன்று பைட் கூடுதலாக எழுதினால், படிக்கிற மென்பொருளுக்கு ஒவ்வொரு வரியும் ஒரு பிக்சல் தள்ளித் தொடங்கும். அதனால் மேலே போகப் போகப் படம் வலப்பக்கம் சாயும். வரிக்கு வரி பைட் குறைந்தால் இடப்பக்கம் சாயும். அடுத்தது நிறம். பிசகு மூன்று பைட் என்றால் அது சரியாக ஒரு பிக்சல், ஆகவே நிறம் கெடாது, சாய்வு மட்டும்தான். ஒன்று அல்லது இரண்டு பைட் என்றால் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் வரிக்கு வரி இடம் மாறிக்கொண்டே போகும், படம் முழுக்கப் பட்டைப் பட்டையாக வானவில் தெரியும். உன் ஸ்கிரீன்ஷாட்டில் தண்ணீர் நீலமாகவே இருக்கிறது, படம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மூன்று பைட் கூடுதல் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆனாலும் 3க்கு 3 படத்தில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

ஜூன் 6, காலை 7.10

பேடிங் சூத்திரத்தில் (வரியின் பைட்டை 4ஆல் வகுத்த மீதியை 4இலிருந்து கழி, வந்ததை மறுபடி 4ஆல் வகுத்த மீதி) இரண்டு தடவை மீதி எடுக்கிறோமே, இன்னும் சுருக்கமாக உண்டா என்று கேட்டாய். 24 பிட் படத்துக்கு மட்டும் உண்டு. அகலத்தை 4ஆல் வகுத்த மீதிதான் பேடிங். அகலம் 1 என்றால் 3 பைட், 1 வேண்டும். 2 என்றால் 6, 2 வேண்டும். 3 என்றால் 9, 3 வேண்டும். 4 என்றால் 12, எதுவும் வேண்டாம். எனக்கு இது மிகவும் பிடித்த கணக்கு. ஆனால் 8 பிட், 1 பிட் படத்துக்கு இது ஆகாது, பொது சூத்திரத்தையே எழுதி வை. எக்ஸாம் ஹாலில் சரிபார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்.

ஜூன் 7, மாலை 5.20

ஓசூர் தம்பி கேட்டதற்கு: ஹெடரிலிருந்து படித்த அகலம் கோடிக்கணக்கில் வருகிறது என்றால், ஹெடரின் உறுப்புகளை வைத்திருக்கும் உன் ஸ்ட்ரக்ட்டுக்குள் (struct) கம்பைலர் இடைவெளி விட்டிருக்கிறது. ஃபைல் ஹெடரில் முதல் உறுப்பு 2 பைட், அடுத்தது 4 பைட். நாலு பைட் எண்ணை நாலின் மடங்கில் உட்காரவைக்க நடுவில் 2 பைட் சேர்த்துவிடும். 14 என்பது 16 ஆகிவிடும், அதற்கு அப்புறம் படிப்பதெல்லாம் இடம் தவறும். இடைவெளி விடாதே என்று சொல்லும் பேக்ட் (packed) என்பதை ஸ்ட்ரக்ட்டில் போடு. நிரலின் தொடக்கத்திலேயே இரண்டு ஹெடருக்கும் சைஸ்ஆஃப் (sizeof) 14, 40 வருகிறதா என்று சோதித்து, வராவிட்டால் வெளியேறு.

இன்னொன்று, 54இல்தான் படம் தொடங்கும் என்று நம்பி உட்காராதே. ஜிம்ப் போன்ற பட மென்பொருளில் சேமிக்கும்போது நிறவெளித் தகவலும் சேர்ந்தால் தகவல் ஹெடர் 124 பைட்டாக வரலாம், அப்போது படம் 138இல் தொடங்கும். எங்கே தொடங்குகிறது என்று ஃபைல் ஹெடரே சொல்கிறது, அந்த எண்ணுக்கு எஃப்-சீக் போட்டுப் போ. எழுதும்போது நீ எளிமையான 40 பைட் ஹெடரையே எழுது.

ஜூன் 8, இரவு 9.15

102 பைட் வந்துவிட்டது என்ற செய்தி பார்த்தேன். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

இப்போது கொஞ்சம் நுணுக்கத்துக்குப் போகலாம். உன் முதல் வரியை இன்னொரு தடவை பார். பழைய கட்டங்கள் 0, 0, 1, 2 என்று வந்திருக்கின்றன. இடப்பக்கக் கட்டம் இரண்டு தடவை, மற்றவை ஒவ்வொரு தடவை. படம் இடப்பக்கமாக ஒருசாய்ந்து பெரிதாகிறது. ஜூன் 4 காலை நான் சொன்ன "வகுத்து வெட்டு" வழி கட்டத்தின் இட ஓரத்தை வைத்துக் கணக்கிடுகிறது. கட்டத்தின் நடுவை வைத்துக் கணக்கிட்டால் சமமாக வரும். கட்ட எண்ணோடு அரையைச் சேர்த்து, மடங்கால் வகுத்து, பின்னத்தை வெட்டு. 0, 1, 1, 2 என்று வரும். நடுக் கட்டம் இரண்டு தடவை, இரு ஓரமும் ஒவ்வொரு தடவை.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. யாராவது 4.5ஐ வெட்டாமல் 5 என்று முழுமையாக்கினால் என்ன ஆகும் பார். கடைசிக் கட்டம் 4. அரை சேர்த்தால் 4.5. அதை 1.5ஆல் வகுத்தால் 3. பழைய படத்தில் கட்டங்கள் 0, 1, 2 மட்டுமே. 3 என்பது இல்லாத கட்டம். உன் படம் போல 3 பைட் பேடிங் உள்ளது என்றால் அங்கே சுழியம் கிடைத்து வலப்பக்கம் ஒரு கறுப்புக் கோடு மட்டும் விழும். பேடிங் இல்லாத படத்தில் அடுத்த வரியின் முதல் பிக்சல் வந்து வலது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைசி வரியில் மெமரியையே தாண்டும், சில நாள் ஓடும், சில நாள் சாகும். ஜிசிசி கம்பைலரில் -g கொடுத்து, அட்ரஸ் சானிடைசர் என்ற மெமரிக் காவலைப் போட்டுக் கம்பைல் செய்தாலோ, -g கொடுத்துக் கம்பைல் செய்ததை வால்கிரைண்ட் என்ற மெமரிச் சோதனைக் கருவியில் ஓட்டினாலோ மெமரியைத் தாண்டிய வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடும். வரிக்குள்ளேயே நடக்கும் தாண்டலை அவை காட்டாது, அதற்கு உன் 3க்கு 3 எண்கள்தான் சாட்சி.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி: புதிய அகலத்தை முடிவு செய்தபின் மடங்கைத் தூக்கிப் போட்டுவிடு. அதற்கு அப்புறம் பின்னமே வேண்டாம். புதிய கட்ட எண் க என்றால்,

(2 × க + 1) × பழைய அகலம் ÷ (2 × புதிய அகலம்)

முழுக்க முழு எண் கணக்கு, வகுத்தலில் மீதியைச் சி மொழியே வெட்டிவிடும். கட்டத்தின் நடுவும் இதில் அடங்கிவிட்டது. 4 அகலத்துக்கு 3÷8, 9÷8, 15÷8, 21÷8, அதாவது 0, 1, 1, 2. 5 அகலத்துக்கு 0, 0, 1, 2, 2. இரண்டுமே சமச்சீர். க எவ்வளவு பெரிதானாலும் மேலே உள்ள 2க + 1 என்பது கீழே உள்ள இரட்டைப் புதிய அகலத்தைவிட ஒன்றாவது குறைவு, ஆகவே விடை பழைய அகலத்தைத் தொடவே தொடாது. ஓரத்தில் தாண்டாமல் இருக்க இஃப் போட்டுக் காவல் வைக்க வேண்டியதில்லை.

ஜூன் 8, இரவு 9.50

புதிய அகலத்தை வெட்டுவதா, முழுமையாக்குவதா? உன் ஆசிரியர் வெட்டச் சொன்னால் வெட்டு. ஆனால் ஒன்று தெரிந்து வைத்துக்கொள். 100 பிக்சல் படத்தை 0.29 மடங்காக்கு என்றால் 29 வரும் என்று நினைப்போம். பின்ன எண் வைக்கும் டபுளில் (double) 0.29 சரியாக உட்காராது, பெருக்கினால் 28.999 என்று போய், வெட்டும்போது 28 ஆகிவிடும். அரை சேர்த்து வெட்டினால் 29. அப்புறம் 3 பிக்சல் படத்தை 0.1 மடங்காக்கினால் 0 வரும், குறைந்தது 1 என்று ஒரு எல்லை வை. இல்லாவிட்டால் தொடக்கத்தில் வந்த 54 பைட் ஃபைல் மறுபடியும் அந்த வழியாக வந்து நிற்கும்.

ஜூன் 9, பகல் 3.00

மாம்பழ சீசன், மண்டியில் நிற்க இடமில்லை. மாங்கூழ் கம்பெனிக்குப் போகும் பெங்களூரா ரக மாம்பழ லோடு எடை மேடைக்கு வெளியே வரிசை கட்டி நிற்கிறது. காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன், விஷயத்துக்குச் சம்பந்தம் உண்டு.

எடைச் சீட்டு அடிக்கும் 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றில் ஒரு வரிக்கு 384 புள்ளி. மண்டிக்காரர் கொடுக்கும் லோகோ 500 பிக்சல் அகலத்தில் வரும். மடங்கு 0.768. நான் மடங்கையே கேட்க மாட்டேன், 384 என்று அகலத்தையே கொடுத்துவிடுவேன், மேலே சொன்ன முழு எண் சூத்திரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். 1 பிட் படம் வேறு. 500 பிட் என்றால் 63 பைட், நாலின் மடங்காக்கினால் வரிக்கு 64. நிறப் பட்டியல் 8 பைட் கூடுவதால் படம் 62இல் தொடங்கும்.

கணக்கெல்லாம் சரி, ஒரு பைட் பிசகவில்லை. ஆனாலும் சீட்டில் "மண்டி" என்பது "மணடி" என்று வந்தது. கிருஷ்ணகிரியில் ஷ் தலையில் இருந்த புள்ளியும் போயிற்று. 500ஐ 384 ஆக்கும்போது 116 நெடுவரிசைகளை யாருமே கேட்பதில்லை. இரண்டு பிக்சல் புள்ளி பாதியாக இளைக்கும். ஒரு பிக்சல் புள்ளி அந்த 116இல் ஒன்றில் விழுந்தால் தடமே இருக்காது. மண்டிக்காரர் சீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது தன் பெயரைத்தான். பெயரில் புள்ளி போனால் அவருக்கு மனசு கஷ்டமாக இருக்கும், எனக்கும்தான்.

ஆகவே சிறிதாக்கும்போது ஒரு கட்டத்தை மட்டும் பிடுங்காமல், புதிய கட்டம் மூடும் பரப்பில் உள்ள எல்லாவற்றையும் சராசரி எடுக்க வேண்டும். இதையும் முழு எண்ணிலேயே செய்யலாம். மூன்றை இரண்டாக்குவதை எடுத்துக்கொள். ஒவ்வொரு பழைய பிக்சலையும் 2 பங்காக வெட்டு, மொத்தம் 6 பங்கு. ஒவ்வொரு புதிய பிக்சலும் 3 பங்கு எடுத்துக்கொள்ளும். முதலாவதுக்கு முதல் பிக்சலின் 2 பங்கு, நடுப் பிக்சலின் 1 பங்கு. இரண்டாவதுக்கு நடுவின் மீதி 1 பங்கு, கடைசியின் 2 பங்கு. கூட்டி 3ஆல் வகு. 500ஐ 384 ஆக்கவும் இதேதான்: பழைய பிக்சல் ஒவ்வொன்றும் 384 பங்கு, புதிய பிக்சல் ஒவ்வொன்றும் 500 பங்கு எடுக்கும். உயரத்துக்கும் அப்படியே.

கறுப்பு வெள்ளைப் படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு இருந்தால்தான் கறுப்பு என்று வைத்தால் புள்ளி மறுபடியும் தொலையும். கால் பங்கு இருந்தாலே கறுப்பு என்று வைத்தேன். எழுத்து கொஞ்சம் தடித்தது, புள்ளி நின்றது. நாலு புதிய கட்டங்கள் சந்திக்கும் மூலையில் விழும் ஒற்றைப் பிக்சல் புள்ளிக்கு இதுவும் போதாது, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து சதவீதம்தான் கிடைக்கும். அந்த மாதிரி லோகோவை 384 அகலத்திலேயே புதிதாக வரைந்து வாங்கிவிடுவேன்.

ஜூன் 11, இரவு 8.30

தர்மபுரிப் பக்கம் நடுகல் படம் எடுத்துச் சேகரிக்கும் வாசகர் ஒருவர், சிறிதாக்கினால் வட்டெழுத்து படிக்க முடியாமல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். ஐயா, 4000க்கு 3000 படத்தை 1000க்கு 750 ஆக்குகிறீர்கள். ஒரு கட்டம் பிடுங்கும் முறையில் 16 பிக்சலுக்கு ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் எது மிஞ்சும் என்பது அதன் இடத்தைப் பொறுத்தது. நம் பக்கத்துக் கல்லின் மேற்பரப்பு சொரசொரப்பு. மிஞ்சுகிற பிக்சல் எழுத்தின் கீறலாக இருக்கலாம், பக்கத்துச் சில்லாகவும் இருக்கலாம். 16ஐயும் சராசரி எடுத்தால் சொரசொரப்பு அடங்கிக் கீறல் கோடாகத் தெரியும். மூலப் படத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். சிறிதாக்கியதைப் பெரிதாக்கினால் போன கீறல் திரும்பி வராது. எந்த முறையானாலும் அப்படித்தான்.

இவர் காட்டிய கல்லில் வீரனின் கையில் வில்லும் பின்னால் மாடுகளும் நன்றாகத் தெரிகின்றன. ஆநிரை மீட்டு விழுந்தவன். இத்தனை நூற்றாண்டு வெயிலில் நின்ற எழுத்தை நாம் ஒரு வகுத்தல் கணக்கில் தொலைக்கக் கூடாது.

சராசரி எடுக்கிறவர்களுக்கு ஒன்று: கூட்டுத்தொகையைப் பைட்டில் வைக்காதீர்கள். 16 பிக்சல் கூட்டினாலே 4080 வரை போகும், பைட்டில் 255க்கு மேல் நிற்காது, வெளிச்சமான இடமெல்லாம் கறுப்புத் திட்டாகிவிடும். பங்கு முறையில் 4000க்கு 3000 படத்தை ஒரே பிக்சலாக்கினால் 255 × 4000 × 3000, அதாவது 306 கோடி. சாதாரண 32 பிட் இன்ட் (int) 214 கோடியில் முடிந்துவிடும். 64 பிட் எண்ணாக அறிவித்துவிட்டால் தொல்லை இல்லை.

ஜூன் 12, காலை 7.00

பர்கூர் தங்கச்சி, லேப்பில் 102 வந்த அதே நிரல் வீட்டு விண்டோஸில் 104 பைட் கொடுக்கிறது என்கிறாய். எழுதும் இடத்தில், ஃபைலைத் திறக்கும் எஃப்-ஓப்பனுக்கு (fopen) வெறும் டபிள்யூ (w) கொடுத்திருக்கிறாய். விண்டோஸில் அது டெக்ஸ்ட் ஃபைல். மதிப்பு 10 வரும் இடமெல்லாம் வரி முடிவு என்று நினைத்து முன்னால் ஒரு 13ஐச் சேர்த்துவிடும். உன் 1 முதல் 27 படத்தில் 10 ஒரே இடத்தில் இருக்கிறது, நடு வரியின் முதல் பைட். புதிய படத்தில் நடு வரி இரண்டு தடவை வருவதால் இரண்டு 10, இரண்டு கூடுதல் பைட், 104. அந்த 13ஐ ஓடியில் கண்ணாலேயே பார்க்கலாம். டபிள்யூபி (wb) என்று மாற்று.

படிக்கும் இடத்தில் ஆர்பி (rb) போட்டிருந்தாய், நல்ல வேளை. வெறும் ஆர் என்றால் 26ஐக் கண்டதும் ஃபைல் முடிந்தது என்று நின்றுவிடும். உன் படத்தின் கடைசிப் பிக்சலில் 26 இருக்கிறது, அங்கேயே மாட்டியிருக்கும். 1 முதல் 27 வரை எண்ணச் சொன்னதில் 10, 13, 26 மூன்றும் அடங்கும். நிஜப் படத்தில் இந்த மதிப்புகள் எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. படம் பாதிவரை சரியாக வந்து, அப்புறம் திடீரென்று நிறம் மாறிச் சாயும்.

ஃபைலைப் படிக்கும் எஃப்-ரீட் (fread) எத்தனை படித்தது என்று திருப்பித் தருகிறதே, அதைச் சோதிக்கிறாயா? உன் நிரலில் அந்த எண்ணை வாங்கவே இல்லை. வாங்கு.

ஜூன் 14, மாலை 6.40

கடைசியாகக் கேட்டது: உயரம் மைனஸில் வரும் படம். அது மேலிருந்து கீழாக அடுக்கிய பிஎம்பி, விதிப்படி சரியானதுதான். லூப் ஓட்டவும் மெமரி கேட்கவும் குறி நீக்கிய உயரத்தை எடுத்துக்கொள், ஹெடரில் எழுதும்போது பழைய குறியையே போடு. வரிகளைத் திருப்ப வேண்டாம், அடுக்கிய வரிசையிலேயே படித்து அதே வரிசையில் எழுது. சாய்வைப் பார்த்து நோய் சொல்வதாக ஜூன் 6இல் எழுதினேனே, இந்தப் படங்களுக்கு மட்டும் அது தலைகீழ்: கூடுதல் பைட் என்றால் கீழே போகப் போக வலப்பக்கம் போகும்.

உன் 3க்கு 3 படத்தில் உயரத்தை மைனஸ் 3 ஆக்கி ஓட்டு. 54க்கு அப்புறம் வரும் 48 பைட்டும் முன்பு வந்தது போலவே இருக்க வேண்டும், ஹெடரில் உயரம் மட்டும் மைனஸ் 4. அது வந்தால் ஆசிரியரிடம் கொடுத்துவிடு.